நிலத்தை வாங்கிவிட்டு ஆய்வு செய்யலாமா?

வாசகர் கேள்வி:

சாயத் தொழிலுக்கான இடைநிலை வேதிப்பொருள்கள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் திட்டப் பொறியாளராக இருக்கிறார் இந்த வாசகர். புதிய ஆலைக்கு மூன்று இடங்கள் பரிசீலனையில் உள்ளன. முதலாவது ஆற்றை ஒட்டிய நிலம். தண்ணீரும் நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே உண்டு, ஆனால் 10 கி.மீ. கீழே ஒரு நகரம் அதே ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கிறது. இரண்டாவது, மூன்று பக்கமும் குன்றுகள் சூழ்ந்த தரிசு. விலை மிகக் குறைவு, சுற்றிலும் வீடுகள் இல்லை. மூன்றாவது, பழைய தொழிற்பேட்டைக்குள் மூடிக் கிடக்கும் ஓர் ஆலையின் இடம். விலை அதிகம், மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு. நிர்வாகம் இரண்டாவது இடத்தை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. அடுத்த மாதம் முன்பணம் கொடுத்துவிட்டு, அதன்பிறகு கன்சல்டன்ட் வைத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்துகொள்ளலாம் என்கிறார்கள். அதற்குள் மூன்று இடங்களையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்துக் கையெழுத்திடும்படி இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "எது முதலிடத்தில் வரணும்னு உங்களுக்குத் தெரியும்தானே" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். ஆள் நடமாட்டமே இல்லாத இடம், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையமும் வரப்போகிறது, அப்படியிருக்க இடம் எதுவானால் என்ன, நான்தான் தேவையில்லாமல் குழம்புகிறேனா என்று கேட்கிறார்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுப் பொறியாளரின் பதில்:

நண்பருக்கு,

உங்கள் குழப்பம் நியாயமானது. ஓர் ஆலையில் பின்னாளில் பலவற்றைத் திருத்திக்கொள்ளலாம். புகைபோக்கியை உயர்த்தலாம், வடிகட்டியை மாற்றலாம், செய்முறையையே மாற்றியவர்களும் உண்டு. இடத்தை மாற்ற முடியாது. அதனால்தான் மற்ற எல்லா முடிவுகளுக்கும் முன்னால் செய்யவேண்டிய ஆய்வைக் கடைசிக்குத் தள்ளுவது எனக்கு உறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு நம்பிக்கைகளை முதலில் பார்த்துவிடுவோம்: யாரும் இல்லாத இடம் பாதுகாப்பானது என்பது ஒன்று, நல்ல சுத்திகரிப்பு இருந்தால் இடம் பொருட்டில்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முன்பணம் கொடுக்க அது போதாது.

யாருமில்லாத இடம்

மூன்று பக்கமும் குன்றுகள் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. இரவில் குன்றுச் சரிவுகள் குளிர்ந்ததும், அவற்றை ஒட்டிய கனமான குளிர்காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். வெப்பநிலைத் தலைகீழ்மை என்று இதைச் சொல்வார்கள். அந்த மூடிக்குக் கீழே வெளிவிடும் புகையும் ஆவியும் வெயில் ஏறும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் சில சமயம் நாள்கணக்கில் விலகாது. பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் 1930 டிசம்பரில் இப்படித்தான் சுமார் 60 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் டொனோரா என்ற ஊரில், 1948 அக்டோபரில், துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் விட்ட புகை ஆற்றுப் பள்ளத்தாக்கில் தேங்கி 20 பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அந்த ஆலைகள் அதற்கு முன்பும் பல ஆண்டுகள் அதே புகையைத்தான் விட்டுக்கொண்டிருந்தன. அந்த நாள்களில் மாறியது காற்றின் நிலை.

உங்கள் பள்ளத்தாக்கிலும் இதே நடக்கும் என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அனுப்பிய விவரத்தில் காற்றின் திசைக்கு ஆதாரமாக இருப்பது 60 கி.மீ. தள்ளியுள்ள விமான நிலையத்தின் ஆண்டுச் சராசரி. சமவெளியில் நிற்கும் விமான நிலையத்துக்கு உங்கள் குன்றுகளைப் பற்றி எதுவும் தெரியாது. சராசரியில் காற்றில்லாத இரவுகளும் மறைந்துபோகும். அந்த இடத்திலேயே ஒரு கம்பம் நட்டு, ஓராண்டுக்குக் குறையாமல், மணிக்கு மணி காற்றையும் வெப்பநிலையையும் அளக்க வேண்டும். ஓராண்டு காத்திருக்க நேரமில்லை என்பார்கள். குறைந்தபட்சம் காற்று அடங்கும் பருவத்தையாவது பிடியுங்கள். அதற்கும் முன்பு, செலவில்லாமல் ஒன்று செய்யலாம். விடியற்காலையில் அங்கே போய் நில்லுங்கள். பனியும் மேய்ப்பவர்கள் மூட்டிய நெருப்பின் புகையும் எவ்வளவு நேரம் படுத்துக் கிடக்கின்றன என்று பாருங்கள். ஆய்வறிக்கைக்கு இது ஆதாரம் ஆகாது, எங்கே அளக்க வேண்டும் என்பதைக் காட்டும்.

மேய்ப்பவர்கள் என்றேன். நீங்கள் பார்த்தபோது அங்கே யாருமில்லை என்பதால் அது யாருக்கும் பயன்படாத நிலம் ஆகிவிடாது. ஆவணங்களில் தரிசு என்று எழுதியிருப்பது பெரும்பாலும் அங்கே பயிரில்லை, வரியில்லை என்பதைத்தான் சொல்கிறது. புல்வெளிகளும் முட்புதர்க் காடுகளும் சேற்றுப் படுகைகளும் பல நாடுகளில் இப்படியே பதிவாகியிருக்கின்றன. தரையில் கூடு கட்டும் பறவைகள் சில மாதங்கள் மட்டும் வரும். ஆடுமாடுகள் வறட்சியில் மட்டும் வரும். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை மற்ற நாள்களில் வெறும் மணல் கோடாகத் தெரியும். இரண்டு பருவங்களிலாவது போய்ப் பார்க்காமல் காலி நிலம் என்று எழுதாதீர்கள். மண்ணையும் தோண்டிப் பாருங்கள். குன்றடிவாரங்களில் சரளையும் மணலும் இருந்தால், சுற்றியுள்ள கிணறுகளுக்கு நீர் ஊறும் இடமே அதுவாக இருக்கலாம். அதன் மீது கரைப்பான் தொட்டிகளை வைத்தால், கசிவு ஒன்று ஏற்பட்டால் அதை நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் கிணற்றுக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் அந்த ஓடை. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே என்று உங்கள் மேலாளர் கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதற்குப் பொருள். 30 ஆண்டு ஓடும் ஆலைக்கு, அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். அமெரிக்காவின் கிராஸ்பியில் 2017இல் ஹார்வி புயல் வெள்ளம் ஓர் வேதி ஆலைக்குள் புகுந்தது. மின்சாரம் போய், குளிரூட்டி வைத்திருந்த கரிமப் பெராக்சைடுகள் சிதைந்து தாமாகவே தீப்பற்றின. சுற்றியிருந்தவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. வெள்ளம் ஆலைக்கு என்ன செய்யும் என்பதும் ஆலை ஊருக்கு என்ன செய்யும் என்பதும் ஒரே கேள்விதான்.

சரி, இன்று வீடுகள் இல்லை என்பது நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். அது நீடிக்குமா என்று பாருங்கள். ஆலை வந்தால் சாலை வரும், சாலை வந்தால் கடை, வாடகை வீடு, பள்ளிக்கூடம். பிரான்சின் துலூஸ் நகரத்தில் 2001 செப்டம்பர் 21 அன்று வெடித்த உர ஆலை 1920களில் ஊருக்கு வெளியே கட்டப்பட்டது. வெடித்தபோது நகரம் அதைச் சூழ்ந்திருந்தது. 31 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 2003இல் அந்த நாடு ஆபத்தான ஆலைகளைச் சுற்றி என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்று வரையறுக்கும் சட்டம் போட்டது. ஆகவே ஆலையைச் சுற்றி வீடுகள் வராமல் விடும் இடைவெளிப் பகுதி உங்கள் பெயரிலோ, அரசின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்திலோ எழுத்தில் இருக்க வேண்டும். அந்த நிலத்தையும் சேர்த்து வாங்கினால் இரண்டாவது இடம் இன்னும் மலிவாக இருக்குமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சொட்டுகூட வெளியே போகாது என்பது

கழிவுநீரை முழுவதும் மீட்டெடுக்கும் நிலையம் நல்ல தொழில்நுட்பம், நான் எதிரி அல்ல. ஆனால் நீரில் இருந்த உப்பு எங்கும் மறைந்துபோவதில்லை. ஆர்.ஓ. வழியாகவும் ஆவியாக்கி வழியாகவும் போய்க் கடைசியில் உலர்ந்த கழிவாக வந்து சேரும். அதைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, லாரிகள் எந்த ஊர்கள் வழியாகப் போகும் என்பதெல்லாம் இடத்தேர்வுக்குள் வரும் கேள்விகள். ஆவியாக்கி ஏராளமான நீராவி கேட்கும். நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு எரிபொருள், அதன் புகை நாம் மேலே பேசிய அதே பள்ளத்தாக்குக்குள். தண்ணீரில் தவிர்த்த சுமையில் ஒரு பகுதி காற்றுக்குப் போகிறது.

இன்னொன்று, இந்த நிலையம் தினசரி ஓட்டத்துக்கானது. விபத்து நாளுக்கு அது வடிவமைக்கப்படுவதில்லை. சுவிட்சர்லாந்தின் பாஸல் அருகே 1986 நவம்பர் 1 அன்று ஒரு வேதிப்பொருள் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்க ஊற்றிய நீர், டன் கணக்கில் பூச்சிமருந்துகளை அடித்துக்கொண்டு ரைன் ஆற்றில் கலந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கிடங்கில் எந்தச் சுத்திகரிப்பு நிலையம் இருந்திருந்தாலும் அந்த நீரை அது ஏற்றிருக்காது. தேவைப்பட்டது அணைப்பு நீரைப் பிடித்துவைக்கும் தொட்டி. ஒவ்வோர் இடத்திலும் நீங்கள் கேட்கவேண்டியது இது: மோசமான நாளில் இங்கிருந்து வழியும் நீர் எங்கே போகும்?

மற்ற இரண்டு

ஆற்றங்கரை இடத்தில் இந்தக் கேள்விக்கு விடை உடனே கிடைத்துவிடுகிறது. நீர் விநாடிக்கு அரை மீட்டர் ஓடினால், 10 கி.மீ. கீழே உள்ள குடிநீர் உறிஞ்சும் இடத்தை ஒரு கசிவு ஐந்தரை மணி நேரத்தில் அடையும். இரவில் நடந்தால் யாராவது எழுந்து வால்வை மூடுவதற்குள் பாதி நேரம் போய்விடும். என் கணக்கில் இந்த இடம் முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது. மாறாக யாராவது வாதிட்டால், கோடையின் மிகக் குறைந்த நீரோட்டத்தை வைத்து வாதிடச் சொல்லுங்கள். ஏழு நாள் சராசரியில், பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் அளவுக்குக் குறைந்த ஓட்டம் என்பது பலரும் பயன்படுத்தும் அளவுகோல். ஆண்டுச் சராசரி ஓட்டத்தைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

பழைய தொழிற்பேட்டையை நிர்வாகம் விலையைப் பார்த்து ஒதுக்கியிருக்கிறது. நீங்கள் ஒதுக்க வேண்டாம். சாலை, மின்சாரம், வடிகால், தீயணைப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாக எந்த நிலமும் அழியாது. தடைகள் வேறு இடத்தில். மூடிய ஆலை மண்ணுக்குள் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால், அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பும் உங்கள் தலையில் விழலாம். அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு சட்டம் போன்றவை, மாசுபடுத்தியவர் முந்தைய ஆளாக இருந்தாலும் இன்றைய உரிமையாளரையும் பிடிக்கும். வாங்குவதற்கு முன்பே மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதித்து, இன்றைய நிலை இதுதான் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்து, அந்தப் பேட்டையின் காற்று ஏற்கெனவே எவ்வளவு சுமக்கிறது என்று அளக்க வேண்டும். உங்கள் ஆலை தனியாக வரம்புக்குள் இருக்கலாம், எல்லாம் சேர்ந்து தாண்டிவிடலாம்.

மதிலுக்கு அப்பால் உள்ள குடியிருப்புதான் பெரிய கேள்வி. இதில் நான் பிடிவாதக்காரன். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் ஒரே தொட்டியிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தவழ்ந்து, ஆலையை ஒட்டியிருந்த குடிசைகளுக்குள் போனது. அது இடைநிலைப் பொருள்தான், அவ்வளவு சேமித்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே மூன்றாவது இடத்துக்கு நீங்கள் கேட்கவேண்டியது, நச்சு வாயுவோ எளிதில் தீப்பற்றும் கரைப்பானோ எவ்வளவு சேமிக்கப்போகிறோம், அதைக் குறைக்க முடியுமா என்பது. மோசமான கசிவின் எல்லை மதிலைத் தாண்டி வீடுகளுக்குள் போகிறது என்று கணக்கு சொன்னால், அந்த இடமும் வேண்டாம். அப்போது மூன்றுமே தோற்கும். அப்படித் தோற்பதற்கும் அட்டவணையில் இடம் இருக்க வேண்டும். மூன்று இடங்களும் தரகர் கொண்டுவந்தவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்காவது இடத்தைத் தேடச் சொல்ல உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

அட்டவணை எப்படிப் பொய் சொல்கிறது

இந்த மாதிரி அட்டவணைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். நிலவிலைக்குப் பத்து மதிப்பெண், சாலைக்குப் பத்து, குடிநீருக்குப் பத்து, பல்லுயிருக்குப் பத்து, கடைசியில் கூட்டல். கணக்கில் நூறும் மொழிப்பாடத்தில் பூஜ்யமும் வாங்கிய பையனுக்குச் சராசரி ஐம்பது என்று பாஸ் போடுவது மாதிரி, குடிநீருக்குப் பூஜ்யம் வாங்கிய இடம் மலிவு விலையால் முதலிடம் பிடித்துவிடும். எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், யாரும் பொய் எழுதியிருக்க மாட்டார்கள்.

இரண்டு படிகளாகப் பிரியுங்கள். முதல் படியில் மதிப்பெண்ணே கிடையாது, ஆம் அல்லது இல்லை மட்டும். குடிநீர் ஆதாரம், வெள்ளப் பரப்பு, பாதுகாக்கப்பட்ட வாழிடம், மோசமான விபத்தின் எல்லைக்குள் வீடு அல்லது பள்ளி, சுமை தாங்காத காற்று. ஒன்றில் விழுந்தாலும் அந்த இடம் வெளியே. மிஞ்சுபவற்றுக்கு மட்டும் இரண்டாம் படியில் மதிப்பெண். அந்த எடைகளையும் இடங்களின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து, தேதி போட்டு வையுங்கள். "அளக்கவில்லை" என்று ஒரு நிரல் தனியாக இருக்கட்டும். இப்போதைக்கு உங்கள் இரண்டாவது இடத்துக்கு அந்த நிரல்தான் நிறையும் என்று நினைக்கிறேன்.

இது நடைமுறைக்கு ஒத்துவராத இலட்சியம் என்று யாராவது சொன்னால் ஓர் உதாரணம் காட்டுங்கள். உருகுவே ஆற்றங்கரையில் கட்டப்பட்ட ஒரு காகிதக்கூழ் ஆலைக்காக அர்ஜென்டினாவும் உருகுவேயும் சர்வதேச நீதிமன்றம்வரை போயின. 2010 ஏப்ரல் 20 தீர்ப்பு வந்தது. வேறு இடங்களைப் பரிசீலிக்கவில்லை என்ற அர்ஜென்டினாவின் வாதம் அங்கே எடுபடவில்லை. காரணம், நான்கு இடங்களை ஒப்பிட்டதற்குப் பதிவு இருந்தது: ஓரிடம் நன்னீர் குறைவு, பறவைகளின் வாழிடம் என்பதால் விலக்கப்பட்டது, இன்னொன்று குடியிருப்பும் பொழுதுபோக்கு இடங்களும் பக்கத்தில் இருந்ததால், மூன்றாவது வறண்ட காலத்தில் ஆற்று நீர் போதாது என்பதால். அண்டை நாட்டுக்கு உரிய முறையில் முன்கூட்டியே தெரிவிக்காததற்காக உருகுவே குறை சொல்லப்பட்டது வேறு கதை. எல்லை தாண்டிப் பெரிய பாதிப்பு வரலாம் என்றால் முன்கூட்டியே தாக்க மதிப்பீடு செய்வது பொதுவான சர்வதேசச் சட்டத்தின் கடமை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

முன்பணமும் கையெழுத்தும்

நிலம் வாங்கியபின் ஆய்வு செய்வது எல்லா நாட்டிலும் சட்ட மீறல் ஆகாது. பல இடங்களில் அனுமதி வருமுன் கட்டத் தொடங்குவதற்குத்தான் தடை. உங்கள் நாட்டுச் சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பணம் போனபிறகு எழுதப்படும் 'மாற்று இடங்கள்' அத்தியாயம் வெறும் சமாதானமாகத்தான் இருக்கும், அதைப் படிக்கும் அதிகாரிக்கும் அது தெரியும். இந்தத் துறையின் முன்னோடிச் சட்டம் அமெரிக்காவில் 1970இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான 1978 விதிகள் மாற்று வழிகளின் ஒப்பீட்டையே அறிக்கையின் இதயம் என்று சொல்லின. ஐரோப்பிய நாடுகள் பல ஏற்ற 1998 ஆர்ஹஸ் உடன்படிக்கை, எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. பெரிய கடன் தேவைப்பட்டால் வங்கியும் கேட்கும். பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுக்குமுன் சுற்றுச்சூழல், சமூக ஆபத்துகளை எடைபோட வங்கிகள் தாமாக ஏற்றுக்கொள்ளும் விதிகள் ஈக்வடார் கோட்பாடுகள். 2003இல் தொடங்கிய இவற்றை ஏற்ற வங்கிகள், பாதிப்பு அதிகமுள்ள திட்டங்களுக்கு மாற்று வழிகளின் பகுப்பாய்வை எதிர்பார்க்கின்றன. உங்கள் முதலாளியிடம் பறவைகளைப் பற்றிப் பேசுவதைவிட இதை முதலில் பேசுங்கள்.

முன்பணத்துக்கு மாற்று உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு நிலத்தை வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருக்கச் சிறு தொகை கொடுத்து, வாங்கும் உரிமையை மட்டும் பிடித்துவைக்கும் ஒப்பந்தம் போடலாம். அல்லது கிரய ஒப்பந்தத்திலேயே, தாக்க மதிப்பீடு சாதகமாக வந்து அனுமதியும் கிடைத்தால் மட்டும் விற்பனை முழுமையடையும், இல்லையேல் பணம் திரும்ப வரும் என்று நிபந்தனை சேர்க்கலாம். விற்பவர் இதற்கு ஒப்புக்கொள்ளவே மாட்டார் என்றால் ஏன் என்று யோசிக்க வேண்டிய இடம் அது.

கையெழுத்து விஷயத்தில், நீங்கள் செய்த வேலைக்குக் கையெழுத்திடுங்கள், செய்யாத வேலைக்கு வேண்டாம். எதை அளந்தீர்கள், எதை ஆவணத்திலிருந்து எடுத்தீர்கள், எதற்குத் தகவலே இல்லை என்று ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். முடிவாக, இரண்டாவது இடம் பற்றி முடிவெடுக்க இந்தத் தரவு போதாது, காற்றும் மண்ணும் நிலத்தடி நீரும் இன்னும் அளக்கப்படவில்லை என்று எழுதுங்கள். மேலாளரை எதிர்த்ததாக ஆகாது. அவர் நிர்வாகக் குழு முன் நிற்கும்போது அந்த வரி அவரையும் காப்பாற்றும். எண்களை மாற்றச் சொன்னால் வாய்மொழியாக வாதாடாமல், மாற்ற இயலாததன் காரணத்தை மின்னஞ்சலில் மரியாதையாக எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் அமைப்புகளின் நெறிமுறைகள் பொதுவாகப் பொதுமக்களின் பாதுகாப்பை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கின்றன, அதைச் சுட்டிக்காட்டலாம். விஷயத்தை நிறுவனத்துக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். தகவல் வெளியிடுபவர்களுக்கான சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுகிறது, முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று: காற்றளவைக் கம்பத்துக்கும் மண் பரிசோதனைக்கும் விலைப்புள்ளி வாங்கி, நிலத்துக்குக் கேட்கும் முன்பணத்துக்குப் பக்கத்தில் வைத்து மேலாளரிடம் கொடுங்கள். இரண்டு தொகைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே பார்க்கட்டும்.